அரசருக்கு ஒரு பிடி விதைச்சோளம்

முன்னொரு காலத்தில், மழை வழிதவறிப் போன ஒரு நாட்டில், அரசருக்குத் திடீரென்று மக்காச்சோளப் பணியாரத்தின் மேல் ஆசை வந்தது. ஊரே கஞ்சிக்கு வழியில்லாமல் கிடந்த நேரம். ஆசைக்கு அதெல்லாம் தெரியுமா?

"களஞ்சியத்தில் சோளம் ஒரு மணிகூட இல்லை, அரசே," என்றார் அமைச்சர் விருபாட்சர். "ஆனால் குடிகளின் அடுப்புக்கு மேல் கதிர்கள் தொங்குகின்றன. விகடகவி சடையாண்டி போனால் கொண்டுவந்துவிடுவார்."

அமைச்சருக்குச் சடையாண்டி மேல் தீராத பொறாமை. கொண்டுவந்தால் ஊர் அவனைச் சபிக்கும். கொண்டுவராவிட்டால் அரசர் விடமாட்டார்.

"காலையில் எல்லா வீட்டுக் கதிரும் இங்கே வரவேண்டும். தவறினால் உன் தலை இருக்காது," என்று சடையாண்டியை அழைத்துச் சொன்னார் அரசர்.

சடையாண்டி முதலில் நுழைந்தது பொன்னழகி என்ற குடியானவப் பெண்ணின் குடிசையில். மடலைப் பின்னிக் கட்டிய விதைக்கதிர்கள் கறுத்துத் தொங்கின. அடுப்பில் பானை இல்லை. கதிரில் வண்டு விழாமலிருக்க வெறும் அடுப்பை எரித்துப் புகை போட்டுக்கொண்டிருந்தாள்.

"புள்ளைங்க ரெண்டு நாளா பட்டினி சாமி. அப்பவும் இதுல கை வைக்கல. வெதைய தின்னுட்டா அடுத்த வருசம் மண்ணத்தான் திங்கணும்."

சடையாண்டி தொங்கிய கதிர்களை அண்ணாந்து பார்த்தான்.

அந்த நாட்டில் விதைக்கதிரை இறக்குவது இரண்டே காரியத்துக்கு. ஒன்று விதைப்பு. மற்றொன்று, வீட்டுத் தலைவர் இறந்தால் அந்தச் சோளத்தையே வாய்க்கரிசியாகப் போடுவது.

"ராசா உத்தரவு, எறக்கத்தான் வேணும் தாயி," என்றான் அவன். "ஆனா முறைப்படி எறக்குங்க. ஊருக்கும் சொல்லிடுங்க."

விடியற்காலையில் அரசர் ஒப்பாரி கேட்டு விழித்தார். வாசலில் ஊரே தலைவிரிகோலமாக, கையில் கதிரோடு நின்றது. முன்னால் சங்கு ஊதியபடி சடையாண்டி.

"யார் செத்தது?"

"தாங்கள்தான், பெருமானே. மழையில்லாத நாளில் விதைக்கதிர் இறங்கினால் வீட்டுத் தலைவர் போய்விட்டார் என்றுதானே வழக்கம்? எல்லா வீட்டுக்கும் தலைவர் தாங்கள். வாய்க்கரிசி போட வந்திருக்கிறோம். கொஞ்சம் படுத்துக்கொண்டால் சௌகரியம்."

வரிசையில் அமைச்சரின் மனைவியும் மாரடித்துக்கொண்டு நின்றாள். எல்லா வீடும் என்பதுதானே ஆணை. அதைப் பார்த்து அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒட்டிப்போன அந்த முகங்களைப் பார்த்ததும் அவர் சிரிப்பும் நின்றது.

கதிர்களைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். மழை வரும்வரை அமைச்சர் வீட்டு நெற்களஞ்சியத்தைத் திறந்து ஊருக்குக் கஞ்சி ஊற்றச் சொன்னார்.

அன்று மாலை பொன்னழகி கதிர்களைப் பழைய இடத்திலேயே கட்டினாள். கீழே கஞ்சி கொதித்தது. பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்று சடையாண்டி வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.