ஒரு விரற்கடைப் பாறை

"தாயே, மலை என்னை ஏமாத்துதுங்க."

தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த கையோடு சென்னியப்பன் சொன்னார்.

வேலாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மலைக்கு அந்த வேலையெல்லாம் தெரியாதே மாஸ்டர். என்ன சங்கதி?"

"அதே மலை. அதே குடம். அதே கம்பங்கூழ். உடம்பு முன்ன மாதிரி இளைக்க மாட்டேங்குதுங்க."

"ஓ" என்றாள் வேலாத்தாள். அடுத்த கீரைத்தண்டை எடுத்தாள்.

சென்னியப்பன் லேசுப்பட்ட சமையல் மாஸ்டர் இல்லை. காங்கேயம் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெண் பார்க்கும் முன்னாலேயே அவரைப் பார்த்து நாள் கேட்பார்கள். அவர் கை பட்ட சாம்பாருக்கு வாசலிலேயே வாசம் தூக்கும். பந்திக்குப் போகும் முன் எல்லாவற்றையும் ருசி பார்த்துவிடுவார். பந்தி முடிந்தபின் மிச்சத்தையும் ருசி பார்த்துவிடுவார். அப்படி ருசி பார்த்தே வளர்ந்த உடம்பு அது.

வாழ்நாளெல்லாம் அடுப்புக்கு முன்னால் நின்றவர். ஒருமுறையாவது ஒரு விளக்குக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை. கரண்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு ஊசிவாசலுக்கு வந்து சேர்ந்தார்.

ஊசிவாசல் என்பது ஒரு கரட்டு மலை. உச்சியில் ஒரு குகை. குகைக்கு வாசல் என்று பார்த்தால், பாறையில் வட்டமாக ஓர் ஓட்டை, அவ்வளவுதான். உள்ளே மடத்தின் முதல் சாமி அடங்கிய இடம் இருக்கிறது. அணையாத விளக்கும் இருக்கிறது. அந்த மடத்தில் சீடனாக வேண்டும் என்றால் ஓட்டைக்குள் நுழைந்து, விளக்குக்கு எண்ணெய் விட்டு, அங்கேயே தீட்சை வாங்க வேண்டும். வெளியில் வைத்து யாருக்கும் கொடுத்ததில்லை.

மடத்துக்கு இப்போது வேலாத்தாள்தான் சாமி. சென்னியப்பனுக்கு மகள் வயசு. சிட்டுக்குருவி மாதிரி உடம்பு. ஓட்டைக்குள் சர்ரென்று போவாள், சர்ரென்று வருவாள்.

முதல் நாள் அவரும் முயற்சி செய்தார். தலை போனது. ஒரு கை போனது. அதோடு சரி. மலைக்கு வந்திருந்தவர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். சிரிக்காதவர் பாக்கி இல்லை.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேலாத்தாள் முன்னால் வந்து நின்றார்.

"நான் எவ்வளவு சாப்பிடோணுங்க தாயே?"

"பிடிக்காத சம்பந்தி வந்தா ஒரு அளவு பரிமாறுவீங்களே, அந்த அளவு."

"நான் யாருக்கும் அப்படிப் பரிமாறினதே இல்லீங்களே."

"இனிப் பழகுங்க. தினமும் அடிவாரத்துக் கிணத்துல இருந்து ஒரு குடம் தண்ணி மேல வரோணும்."

பழகினார். கூழும் கீரையுமே சாப்பாடு. காலையில் குடத்தோடு ஏற்றம். உடம்பு கரைந்தது பாருங்கள், அடைமழையில் மண்சுவர் கரைகிற மாதிரி. மலையில் தராசு கிடையாது, ஓட்டைதான் தராசு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நுழைந்து பார்ப்பார். ஒரு பௌர்ணமிக்குத் தோள் போனது. அடுத்ததற்கு நெஞ்சு போனது. அப்புறம் தொந்தியில் பாதி. முதல் நாள் சிரித்தவர்களே வந்து, "மாஸ்டரா இது!" என்று வாயைப் பிளந்தார்கள்.

அதன் பிறகுதான் வந்தது வினை. நாளுக்கு நாள் வேகம் குறைந்துகொண்டே போய், இரண்டு விரற்கடை, அதாவது இரண்டே விரல் அகலம், பாக்கி இருக்கும்போது உடம்பு நகர மறுத்தது.

அந்த வயிற்றெரிச்சலைத்தான் இப்போது கொட்டினார்.

"மலை அதேதான்னு சொன்னீங்க" என்றாள் வேலாத்தாள்.

"ஆமாங்க."

"கூழும் அதேதான்."

"ஆமாங்க."

"ஏறுறது யாரு?"

"நானுங்க."

"அதே ஆளா?"

சென்னியப்பன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

வேலாத்தாள் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கோணிப்பையை எடுத்து வந்தாள்.

"அடிவாரத்துல மணல் கிடக்குது. நீங்க இளைச்ச அளவுக்கு அள்ளிக் கட்டித் தூக்கிட்டு வாங்க."

"எவ்வளவு இளைச்சேன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?"

"அரிசி மூட்டையைத் தொட்டுப் பார்த்தே எத்தனை பேருக்கு வரும்னு சொன்ன கை. உங்க உடம்பு உங்களுக்குத் தெரியாதா?"

போனார். மணலை அள்ளினார். தூக்கிப் பார்த்தார். போதாது என்று தோன்றியது. இன்னும் அள்ளினார். அதுவும் போதவில்லை. கடைசியில் கை சரி என்று சொன்னபோது மூட்டை முக்கால்வாசி நிறைந்திருந்தது.

தோளில் ஏற்றிக்கொண்டு மலையேறினார். முதல் திருப்பத்திலேயே மூச்சு இரைத்தது. இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். வேர்வை கண்ணை மறைத்தது. உச்சிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"இறக்குங்க" என்றாள்.

இறக்கினார். கால் தரையில் பாவவில்லை. காற்று வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடும் போல இருந்தது.

மூட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத்தனையுமா நானு?"

வேலாத்தாள் கூழைச் சட்டியில் ஊற்றினாள்.

"இதைச் சுமந்துக்கிட்டு ஏறினப்ப மலை என்னை உருக்குச்சு. இப்ப நான் வெறும் ஆளா ஏறுறேன். மலைக்கு உருக்க என்ன இருக்குது? கூழும் அப்படித்தானுங்களே? பெரிய உடம்புக்குப் பத்தாம இருந்த கூழு, இந்த உடம்புக்குப் போதுமாப் போச்சு."

"கூழு ஆறிப்போகும். குடிக்க வாங்க" என்றாள் அவள்.

அன்று ராத்திரி சென்னியப்பன் மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார். அதை இரண்டு தடவை தட்டிக்கொடுத்தார். நெஞ்சு கொள்ளாத பெருமை அவருக்கு.

ஆனால் சமையல்காரப் புத்தி சும்மா இருக்குமா? கூழு போதுமாகிவிட்டது என்றால் கூழைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டது. பாதியாகக் குறைத்தார். பிறகு அதையும் நிறுத்திவிட்டுத் தண்ணீரில் காலத்தை ஓட்டினார். சாப்பிட்டாச்சா என்று வேலாத்தாள் கேட்டால் "ஆச்சுங்க" என்பார்.

பௌர்ணமி வந்தது. நுழைந்து பார்த்தார். ஒரு விரற்கடை குறைந்திருந்தது. இன்னும் ஒன்று பாக்கி.

வெளியே வந்து எழுந்து நின்றார். மலை சுற்றியது. அப்படியே சரிந்தார்.

கண் விழித்தபோது வேலாத்தாள் அவர் தலையை மடியில் வைத்து, கெட்டிக் கூழைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெல்லமும் இருந்தது.

"வேண்டாங்க தாயே. ஒரே ஒரு விரல்தான் பாக்கி."

"வாயைத் திறங்க."

"தாயே..."

"உள்ள போய் விளக்குக்கு எண்ணெய் யாரு விடுவா? உங்க பொணமா?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஊருக்கே சோறு போட்டவருக்கு யாரோ ஊட்டி விட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும்! வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே முழுச் சட்டியையும் குடித்தார்.

மறுநாளிலிருந்து பழையபடி கூழ், கீரை, குடம். கூழோடு வெல்லமும் சேர்ந்துகொண்டது. அடுத்த பௌர்ணமி போனது. அதற்கடுத்ததும் போனது. அந்த ஒரு விரற்கடை அசையவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தார். ஓட்டைக்குள் படுத்து உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அசைந்திருக்கிறது. ஒரு நெல்மணி அளவு.

அங்கே படுத்தபடியே தலையைத் தூக்கினால் விளக்குத் தெரியும். கை நீட்டினால் சுடர் சுடும் தூரம். தொப்புளுக்குக் கீழே மட்டும் பாறை பிடித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்தவருக்குப் பொறுமை போய்விட்டது.

"வந்த தூரத்தைப் பாருங்க தாயே! ஒரு மூட்டை மணலை இறக்கி வெச்சவன் நானு. ஒரு விரலுக்கு இப்படித் தவங்கிடக்கோணுமா? இன்னும் எத்தனை பௌர்ணமிங்க?"

வேலாத்தாள் எழுந்து குடிசைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஓர் உளியும் சுத்தியலும் இருந்தன.

"இந்தாங்க."

"எதுக்குங்க?"

"ஒரு விரல்தானே? நாலு தட்டுத் தட்டினா வந்துரும். உள்ள போய் உட்காருங்க. இன்னிக்கே தீட்சை."

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. நிஜமாகவே தருகிறாள்.

உளியை வாங்கினார்.

ஓட்டைக்கு முன்னால் மண்டியிட்டார். உள்ளே விளக்கு எரிந்தது. வயிறு உரசும் இடம் அவருக்கு அத்துப்படி. அங்கே உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

முதல் நாள் இந்த உளியைக் கொடுத்திருந்தால் வாசலையே பெயர்த்திருக்க வேண்டும். இப்போது நாலு தட்டு போதும். மிச்சத்தையெல்லாம் பெயர்த்தது யார்? அதை நினைத்ததும் அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

சுத்தியலைக் கீழே வைத்தார். கையால் பாறையின் விளிம்பைத் தடவினார். மேலே, பக்கவாட்டில், கீழே, ஒரு சுற்று முழுக்கத் தடவினார். தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருந்தது. எத்தனையோ முதுகும் வயிறும் உரசி உரசி வந்த வழவழப்பு.

"தாயே, எனக்கு முன்னால இங்க குண்டு ஆளுங்க வந்திருக்காங்களா?"

"நிறையப் பேரு."

"அவங்களுக்கும் உளியைக் கொடுத்தாங்களா?"

"எல்லாருக்கும் கொடுத்தாங்க. கடைசி விரலுக்கு வந்ததும் கொடுக்கறது இங்க வழக்கம்."

சென்னியப்பன் மறுபடியும் விளிம்பைத் தடவினார். இந்தத் தடவை மெதுவாக, விரல் நுனியால், கல்லை மாவாக நினைத்துப் பதம் பார்ப்பவர் போல.

எங்கேயும் ஒரு வெட்டு இல்லை.

எழுந்தார். உளியையும் சுத்தியலையும் வேட்டி முனையால் துடைத்து வேலாத்தாள் கையில் கொடுத்தார்.

"பத்திரமா வைங்க தாயே" என்றார். "அடுத்து வர்றவனுக்குக் கொடுக்கோணும்."