தலைகீழ் எருதுகள்

வெகு காலத்துக்கு முன்னே எருதுமலை நாட்டைச் செங்கமலபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவனுக்கு வேதம். அந்தக் கடைசிப் பேச்சைப் பெரும்பாலும் அரண்மனைச் சோசியர் உலகளந்தாரே பிடித்துக்கொள்வார். மந்திரி அம்பலவாணரின் முத்திரை மோதிரத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

மலைக்குகை ஒன்றில், எந்தக் காலத்து மனிதர்களோ காவிக்கல்லால் எருதுகளை வரைந்து வைத்திருந்தார்கள். சில எருதுகளுக்குக் கால் மேலே, கொம்பு கீழே.

"மகா அபசகுனம்! நாடே கவிழப்போகிறது. உடனே சுண்ணாம்பு அடித்து மறைக்க வேண்டும்," என்றார் உலகளந்தார். ராஜா பதறிப்போய்த் தலையாட்டினான்.

அம்பலவாணர் முன்னே வந்தார். இத்தனை காலம் நின்ற படங்கள் ஒரு வாளிச் சுண்ணாம்பில் போய்விடுமே!

"பிரபு, வரைந்தவர்கள் கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருப்பார்கள். நாளை உச்சிவேளையில் நானே காட்டுகிறேன்."

"தலைகீழ் எருதையா? காட்டாவிட்டால்?" என்று சிரித்தார் சோசியர்.

"மோதிரம் உமக்கு."

பந்தயம் பெரிதுதான். ஆனாலும் மந்திரிக்குத் துளிக் கலக்கமில்லை. மூடுபல்லக்கில் போகும்போது, ஒரு பக்கத் திரையின் பொத்தல் வழியே வெளிச்சம் புகுந்து, மறுபக்கத் திரையில் சாலை மரங்கள் தலைகீழாக ஓடுவதை அவர் எத்தனையோ முறை பார்த்தவர்.

மறுநாள் குகைவாயை மாட்டுத்தோலால் இறுக மூடி, அதில் புளியங்கொட்டை அளவு துளை போட்டார். வெளியே வெயிலில் ஓர் எருதைக் கட்டினார்.

"அபசகுனக் குகைக்குள் நான் வரமாட்டேன்," என்று சோசியர் வெளியிலேயே நின்றுகொண்டார். வாசல் தாழ்வு என்பதால் ராஜா கிரீடத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தோலை விலக்கிக் குனிந்து நுழைந்தான். மந்திரியும் பின்னே போய்த் தோலை மூடினார்.

"ஒன்றும் தெரியவில்லையே, மந்திரி!"

"கண் பழகட்டும், பிரபு."

மெல்ல மெல்லச் சுவரில், வெளியே கட்டிய எருது தெரிந்தது. அதே நிறம், கால்கள் மேலே, வாலை வேறு ஆட்டியது!

"இது என்ன மாயம்?"

"மாயமில்லை. மேலிருந்து வரும் ஒளி துளை வழியே நேராகப் போய்க் கீழே விழுகிறது; கீழிருந்து வருவது மேலே. அந்தக் காலத்து மனிதர்களும் தோல் கூடாரத்துக்குள் இதைக் கண்டுதான் வரைந்தார்களோ என்னவோ. சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அபசகுனம் இல்லவே இல்லை."

அப்போது எருதின் பக்கத்தில் சோசியரும் தலைகீழாக வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். மீசையை முறுக்கி, எருதை நோக்கிக் கையை நீட்டினார்.

"எருதுக்கு என்ன உத்தரவு போடுகிறார்?" என்றான் ராஜா, பல்லைக் கடித்தபடி.

"அதை மந்திரியாக்குகிறாரோ என்னவோ, பிரபு!"

ராஜாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துளையில் வாயை வைத்துக் கத்தினான்: "ஓய் சோசியரே! கிரீடத்தைக் கழற்றாதீர்! கையையும் இறக்காதீர்!"

சோசியர் தலையில் கிரீடமும் நீட்டிய கையுமாக அப்படியே நின்றார்.

"மோதிரம் உம்மிடமே இருக்கட்டும், மந்திரி. வேறென்ன வேண்டும்?"

"இந்தக் குகைக்குச் சுண்ணாம்பு வரக்கூடாது, பிரபு."

"வராது. எனக்கு ஒரு கரித்துண்டு கொடும்."

எருதுகளுக்கு நடுவே, கால் மேலே, கிரீடம் கீழே என்று ஓர் உருவத்தை ராஜாவே வரையத் தொடங்கினான். பொழுது சாயும்வரை வெளியே ராஜாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது:

"அசையாதீர், சோசியரே! மூக்கு இன்னும் சரியாக வரவில்லை!"