வெள்ளச்சி அவிழ்த்த ஏடு

பெரியவர்களே, சின்னவர்களே, கொஞ்சம் பேச்சை நிறுத்திவிட்டு இப்படித் திரும்புங்கள். உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் தொட்டிலுக்கு வருமுன்னே, நெடுங்கரை என்ற ஊரில் நன்மாறன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். நல்லவனாக இருந்ததால்தான் இவ்வளவு தொல்லையும்.

நன்மாறனுக்கு ஏடுகள் என்றால் உயிர். அந்தக் காலத்துப் புத்தகமெல்லாம் பனையோலைதானே? நாடு முழுக்கத் தேடிச் சுவடிகளைச் சேர்த்தான். அவற்றுக்கென்றே ஒரு மண்டபம் கட்டினான். ஒவ்வொரு சுவடிக்கும் மூன்று சுற்றுப் பட்டு, மூன்று முடிச்சு, நாளுக்கு மூன்று வேளை பூசை.

சரசுவதி பூசையன்று புத்தகங்களை அடுக்கி வைத்துக் கும்பிடுகிறோம், அன்று ஒரு நாள் மட்டும் படிக்க மாட்டோம், இல்லையா? ராஜா யோசித்தான். ஒரே ஒரு நாள் மரியாதை போதுமா? வருஷம் முழுக்கச் செய்ய வேண்டாமா? "இனி யாரும் ஏட்டை அவிழ்க்கக் கூடாது. கை பட்டால் அழுக்கு. அவிழ்த்தவர் தலை போகும்" என்று முரசு அறையச் சொன்னான்.

ஊரும் தலையாட்டியது. ஏன் ஆட்டாது? படிப்பதைவிடக் கும்பிடுவது சுலபம். சந்தனம் வைத்தார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது.

அந்த ஊரில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ஏடு எழுதுகிறவன். ஓலையை வேகவைத்து, உலர்த்தி, நறுக்கிக் கொடுத்தது இவள்தான். எழுதியதில் பிழை இருக்கிறதா என்று பார்க்க, அவன் இவளைத்தான் வாசிக்கச் சொல்வான். அப்படி வாசித்து வாசித்தே படித்தவள். இப்போது அவன் இல்லை. ஒரு செவலைப் பசுவும் அதன் கன்றும்தான் அவளுக்குச் சோறு போட்டன.

பதின்மூன்றாம் வருஷம் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. வாயெல்லாம் புண், காலெல்லாம் புண். தொழுவம் தொழுவமாக மாடுகள் சாய்ந்தன. வெள்ளச்சியின் செவலையும் படுத்தது, கன்றும் படுத்தது.

அவள் புருஷன் மாட்டு வைத்தியச் சுவடி ஒன்று எழுதியிருந்தான். கோமாரிக்கு மருந்து அதில் உண்டு. என்ன மருந்து என்பது மட்டும் அவளுக்கு மறந்துவிட்டது. சுவடியோ மண்டபத்தில், பட்டுக்குள் இருந்தது.

காவல்காரனிடம் கெஞ்சினாள். அவன் கதவை மறித்தான். பூசாரியிடம் கெஞ்சினாள். "கும்பிட்டுட்டுப் போம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று அவன் குங்குமம் கொடுத்தான். ராஜாவிடமே போய்க் கெஞ்சினாள். "இன்னும் ஒரு வேளை பூசையைக் கூட்டுகிறேன்" என்றான் ராஜா. சொன்னபடியே கூட்டினான். அன்றைக்கு முப்பது மாடுகள் செத்தன.

மறுநாள் உச்சிவேளை. மண்டபம் நிறைய ஜனம். ராஜாவே கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தான். வெள்ளச்சி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். பட்டில் தொங்கிய பெயர்ச் சீட்டுகளைப் பார்த்தாள். தனக்கு வேண்டிய சுவடியை எடுத்தாள். முதல் முடிச்சை அவிழ்த்தாள், இரண்டாம் முடிச்சை அவிழ்த்தாள், இறுகிக் கிடந்த மூன்றாவதைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

ராஜா வாளை உருவி அவள் கழுத்தில் வைத்தான்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெட்டணும்னா வெட்டுங்க மகாராஜா. மருந்தைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ஏட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, தொண்டை கிழிய வாசித்தாள். பெரிய மாட்டுக்கு என்னென்ன மருந்து, எத்தனை பங்கு, எப்படி அரைப்பது, எங்கே தடவுவது, எல்லாம் இருந்தது. கூட்டத்தில் மாடு வைத்திருந்தவர்கள் அவளோடு சேர்ந்து சொன்னார்கள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொன்னார்கள்.

"இப்ப என் தலையை எடுங்க" என்றாள் வெள்ளச்சி. "இத்தனை பேர் காதுல ஏறினதை எந்த வாளை வச்சு எடுப்பீங்க?"

ராஜாவின் கை தாழ்ந்தது. அவள் அடுத்த ஏட்டைத் தள்ளினாள். "கன்றுக்கு..." என்று தொடங்கியவள் நின்றுவிட்டாள். அதற்கப்புறம் எழுத்தே இல்லை. ஏடு செல்லரித்துப் பொடியாக அவள் மடியில் கொட்டியது.

ராஜா பதறிப்போய் இன்னொரு சுவடியை அவிழ்த்தான். வெளியே பட்டு புதிதுபோலவே இருந்தது, உள்ளே தூள். மற்றொன்றை அவிழ்த்தான். அதிலும் தூள். மூன்றாவதை அவிழ்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

மருந்து வேலை செய்தது. பெரிய மாடுகள் பிழைத்தன, செவலையும் எழுந்து நின்றது. கன்றுகளுக்கு மட்டும் மருந்து தெரியாமல் போனது. ஊரில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. வெள்ளச்சியின் கன்று மூன்றாம் நாள் செத்தது.

அன்று சாயங்காலம் ராஜா ஒரு தட்டு நிறையப் பொன்னோடு அவள் தொழுவத்துக்கு வந்தான். "தப்பு என்னுதுதாம்மா. உனக்கு என்ன வேணுமோ கேளு, தர்றேன்."

வெள்ளச்சி தட்டைத் தொடவில்லை. செத்த கன்றைக் காட்டினாள். "இதுக்கு என்ன மருந்துன்னு அந்த ஏட்டுல என் புருஷன் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைக் கொடுங்க, போதும்."

பாதி நாட்டைக் கேட்டிருந்தாலும் ராஜா கொடுத்திருப்பான். அந்த ஒரு வரியை அவனால் கொடுக்க முடியவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனான். கதவுகளைக் கழற்றிப் போடச் சொன்னான். பட்டுத் துணிகளையெல்லாம் உருவச் சொன்னான். மிஞ்சிய ஏடுகளைப் பிள்ளைகள் கையிலும் பெண்கள் கையிலும் உழவர் கையிலும் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னான்.

ஆகவே, கேட்டவர்களே, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: புத்தகத்துக்கு நாம் செய்யும் மரியாதை, அதைத் திறந்து படிப்பதுதான்.