மூன்று விரல் வாசிப்பு

"நானா வாசிக்கேன் டீச்சர்? மிஷின்லா வாசிக்கு!" என்றார் ஞானசிகாமணி.

பியூலா டீச்சர் கீபோர்டை மூடியிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். சீடரைவிட டீச்சருக்கு இருபது வயது குறைவு.

ஞானசிகாமணி இருபத்திரண்டு வருஷம் சர்ச்சில் ஆர்கன் வாசித்த மனுஷர். அரிசி ஆலை பெல்ட் ஒருநாள் அவர் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. அதன்பிறகு நாலு வருஷம் கடைசி பெஞ்சுதான்.

டீச்சர்தான் அவரை இழுத்து வந்து உட்காரவைத்து, கீபோர்டில் இருந்த ஆர்பெஜியேட்டர் என்ற வசதியைப் பழக்கிவிட்டாள். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். அந்த மூன்று சுரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீபோர்டே ஓடவிடும்.

முதல் நாள் அது ஓடியபோது அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நன்றி சொல்லத் தெரியாமல் மறுநாள் ஒரு சாக்கு முருங்கைக்காய் கொண்டுவந்து இறக்கினார்.

போன ஞாயிறு சர்ச்சில் வாசித்தார். ஊரே கையைப் பிடித்துப் பாராட்டியது. அன்று பிடித்தது சனியன்.

"ஸ்தோத்திரப் பண்டிகைக்கும் நான்தான் வாசிக்கணுமாம். போதகர் கேக்காரு. முடியாதுன்னு சொல்லிரப் போறேன். அது வாசிக்க, நான் பேர் வாங்கவா?"

"சரி, சொல்லிருங்க அண்ணாச்சி. அதுக்கு முன்னால ஒரு தடவை பிடிங்க."

பிடித்தார். ஓட்டம் எழுந்தது. நடுவில் ஒரு சுரம் பல்லில் கல் கடிபட்டதுபோல் இடறியது.

நடுவிரல் பக்கத்துக் கட்டையில் இருந்தது. சும்மா வாசித்தால் தப்பு ஒருமுறை வந்து தொலைந்துவிடும். ஆர்பெஜியேட்டர் அப்படி விடுமா? சுற்றுக்குச் சுற்று அதே தப்பு, தவறாமல் வந்தது.

டீச்சர் காதைப் பொத்திக்கொண்டாள்.

"யாரு அண்ணாச்சி இப்படி வாசிக்கது?"

"ஐயோ, நான்தான் டீச்சர்! என் விரல்தான். மன்னிச்சிருங்க."

பதறிப்போய் விரலை நகர்த்தினார். ஓட்டம் தெளிந்தது. மூன்று சுரங்களும் ஒன்றை ஒன்று தேடி ஏறி இறங்கின.

டீச்சர் காதிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்போ வாசிக்கது யாரு?"

ஞானசிகாமணி கீபோர்டின் பக்கம் காதைச் சாய்த்தார்.

கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. சும்மா கிடந்த இடது கை தானாகக் கீழ்க்கட்டைகளுக்குப் போய், ஓட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

டீச்சர் செல்போனை நீட்டினாள்.

"போதகர்கிட்ட சொல்லணும்னீங்களே?"

"ரெண்டு கையும் சோலியா இருக்கு டீச்சர். நீங்களே சொல்லிருங்க, நான் வாசிக்கேன்னு."