தள்ளி வைத்த அரிசி

நாணல்குடியில் எழுந்தருளியிருக்கும் நாணற்காட்டு நாதருக்கு நாள்தோறும் உச்சிக்காலத்தில் அன்னம் படைப்பது வழக்கம். அந்த அன்னத்தைச் சமைத்தவரை ஊர் அறியும். அதைச் சந்நிதிக்குச் சுமந்து சென்றவரையும் அறியும். வரிசையில் நின்று பிரசாதம் வாங்கித் தின்றவர்களோ, தங்களைப் பற்றித் தாங்களே ஊருக்குச் சொல்லிக்கொள்வார்கள். அந்த அரிசியில் கல் பொறுக்கியவர் யார் என்றுதான் ஒருவரும் கேட்டதில்லை. நாம் வணங்கிச் சொல்ல வந்தது அவருடைய கதையை. அவர் பெயர் தையலம்மை.

மடைப்பள்ளியின் பின்புறச் சாளரத்தடியில், வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து அம்மையார் காலையிலேயே வந்து அமர்ந்துவிடுவார். மடியில் முறம் இருக்கும். பக்கத்தில் குடிதண்ணீர் வைத்த மண்கலயம் இருக்கும். அந்தக் கலயத்தின் விளிம்பில் ஒரு பெரிய உடைசல். வேறு கலயம் வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தண்ணீர் குடிக்க உடையாத பக்கம் போதுமே. புடைத்து, தவிடு போக்கி, கல்லும் கறுப்பரிசியும் பொறுக்கி, கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் கூடையில் போடுவார். அந்தக் கூடைதான் உலைக்குப் போகும்.

ஆனால் எல்லாக் கைப்பிடியும் கூடைக்குப் போவதில்லை. கல்லும் உமியும் இல்லாமல் பளிச்சென்று இருக்கும் அரிசியைச் சில நேரம் கூடைக்குக் கொண்டுபோய், சட்டென்று கையை இழுத்துக்கொள்வார். அதைத் தன் முந்தானையில் போட்டு முடிந்துகொண்டு அடுத்த கைப்பிடியை எடுப்பார். நெல் குத்த வரும் பெண்கள் இதைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். முறத்துச் சாமியார் என்று அவருக்குப் பெயரும் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களுக்குக் காரணம் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

காரணம் இதுதான். ஒரு கோடையில் ஊரில் பெரியம்மை கண்டபோது தையலம்மையார் தம் கணவரையும், மழலை பேசத் தொடங்கியிருந்த மகளையும் ஒருசேரப் பறிகொடுத்தார். அழுது ஓய்ந்தவர் எங்கே போவது என்று தெரியாமல் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். மடைப்பள்ளித் தலைவராக அப்போது இருந்த மருதவாணர் நல்ல மனிதர். அவரைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். சமையல்காரர்கள் எல்லாரும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சமைப்பதை அம்மையார் முதன்முதலாக அன்றுதான் கண்டார். எதற்கு என்று கேட்டார்.

"பேச்சோட எச்சில் தெறிச்சா நைவேத்தியம் கெட்டுப்போகும், தாயி. அதுக்குத்தான் வாய்க்கட்டு" என்றார் மருதவாணர்.

அம்மையார் தலையாட்டிவிட்டுத் தம் முறத்துக்குத் திரும்பினார். திரும்பியவருக்குக் கை ஓடவில்லை. ஏனென்றால் அந்தக் காலை முழுதும் அவர் நினைத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: குழந்தை கண் மூடியபோது நீ எங்கே போயிருந்தாய், கல்லாகத்தானே கிடந்தாய் என்று நாதரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த நினைப்போடு அளைந்த அரிசி அல்லவா கூடையில் கிடக்கிறது? எச்சில் பட்டாலே ஆகாது என்றால் இது எப்படி ஆகும்? வாயைத் துணியால் கட்டலாம், மனத்தை எதனால் கட்டுவது? கூடையைக் கவிழ்த்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். கெட்ட நினைப்பு வந்தபோது கையில் இருந்த அரிசி சாமிக்கு ஆகாது, அதைத் தள்ளி வைத்துவிட வேண்டும் என்று தமக்குத் தாமே ஒரு விதி செய்துகொண்டார். மருதவாணரிடம் மட்டும் அதைச் சொன்னார். அவர், அப்படியானால் களஞ்சியத்தில் கூலி நெல் வாங்க வேண்டாம், தள்ளி வைக்கிற அரிசியையே கூலியாக எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்.

தொடக்க நாட்களில் முந்தானை முடிச்சு பெரிதாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது நினைவுக்கு வரும், நெஞ்சு எரியும், ஒரு கைப்பிடி போய்விடும். கொழுந்தனார் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டது நினைவுக்கு வரும். இன்னொரு கைப்பிடி போய்விடும். வருஷங்கள் போகப் போக, ஒரு நினைப்பு தலை தூக்கும்போதே அம்மையாருக்கு அடையாளம் தெரிந்துவிடும். வா, வந்தாயா, போய் வா என்று அதை அனுப்பிவிடுவார். முடிச்சு சிறுத்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மனம் கெட்ட நாளில் அவருக்கு வயிறு நிறையும். மனம் நன்றாக இருந்த நாளில் வயிறு காயும். பட்டினி கிடந்த நாட்களில்தான் அவர் முகம் தெளிவாக இருக்கும். இதை அவர் யாரிடம் சொல்லிச் சிரிக்க முடியும்?

சொல்ல ஆள் இல்லை என்பதுதான் உண்மை. புறம் பேசினால் மனம் கலங்கும் என்று பேச்சைக் குறைத்தார். பேச்சுக் குறைந்ததும் அக்கம்பக்கத்தார் வருவது நின்றது. மாலையில் குடிசைக்குப் போய் அடுப்பு மூட்டினால், கஞ்சி கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். சில நாட்களில் அந்தச் சத்தம் நிற்கக் கூடாதே என்று தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுவார். காலையில் மறுபடியும் முறத்தின் முன்னால் உட்கார்ந்தால்தான், தாம் ஒருவருக்கு வேண்டியவர் என்ற நினைப்பு வரும். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே உறவு அந்தக் கூடையின் மறுகோடியில் இருந்தது.

மருதவாணர் காலமானார். மடைப்பள்ளிக்கு அம்பலவாணர் என்பவர் மணியக்காரராக வந்து சேர்ந்தார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் இளவயதில் கூடப் பிறந்தவர்களிடமே ஏமாந்தவர். எவன் எப்போது எடுப்பான் என்று நினைத்து நினைத்து, அந்த நினைப்பே அவருக்குக் கண்ணாகிவிட்டது. நெய்ச்சட்டியை மோந்து பார்ப்பார். வெல்லத்தைத் தம் கையாலேயே பூட்டி வைப்பார். வீட்டில் பிறர் பரிமாற உண்ணமாட்டார், தாமே சமைத்துத் தாமே உண்பார். அப்படிப்பட்டவர் கண்ணில், கூலி நெல் வாங்காமல் வேலை செய்து, முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு போகிற பெண் பட்டால் என்ன ஆகும்?

மாசித் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று, கோபுர வாசலில் கூட்டம் நிற்கும்போது, அவர் அம்மையாரை வழிமறித்து முந்தானையை அவிழ்க்கச் சொன்னார். அம்மையார் அவிழ்த்தார். வெள்ளை வெளேரென்று அரிசி.

"இது என்ன?"

"சாமிக்கு ஆகாத அரிசிங்க."

"ஆகாத அரிசியா? ஒரு நொய் கிடையாது, ஒரு கல் கிடையாது. கூலி வாங்காம ஒருத்தி எதுக்கு வேலை செய்யறான்னு நானும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

அம்மையார் வாய் திறக்கவில்லை. திறந்தால், எந்தக் கைப்பிடி எந்தக் கெட்ட நினைப்புக்காகத் தள்ளியது என்று அத்தனை பேருக்கு நடுவில் சொல்ல வேண்டும். மகளின் பெயரையும் சொல்ல வேண்டி வரும். மணியக்காரர் அந்த அரிசியைத் தட்டிவிட்டார். அது வாசல் மண்ணில் சிதறியது. திருவிழா நேரத்தில் வேறு ஆள் கிடைக்காது, அதனால் வேலையில் இரு, ஆனால் இனி ஒரு மணி அரிசி வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மையார் உட்கார்ந்து மண்ணோடு சேர்த்து அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டு வீடு போனார்.

மறுநாள் வழக்கம்போல் வந்தார். முறத்தை எடுத்தார். ஒரு கைப்பிடி அள்ளினார். மணியக்காரர் முகம் வந்து நின்றது. தள்ளி வைத்தார். அடுத்த கைப்பிடிக்கு, சிரித்த பெண்களின் முகங்கள் வந்தன. அதையும் தள்ளி வைத்தார். போய் வா என்று சொல்லிப் பார்த்தார், எதுவும் போகவில்லை. நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் என்று, எத்தனையோ காலத்துக்கு முன் விட்டொழித்த அந்தப் பழைய திட்டு நாதர் மேலேயே திரும்பிற்று. உலை வைக்கும் நேரத்தில் கூடையில் ஒரு மணி அரிசி இல்லை. எல்லாம் இந்தப் பக்கம் குவிந்து கிடந்தது. சமையல்காரர்கள் திகைத்து நின்றார்கள். என் மனசு சரியில்லை, வேறு யாரையாவது பொறுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அம்மையார் தம் கலயத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாரும் அவரை வெளியேற்றவில்லை. அவரே தம்மை வெளியேற்றிக்கொண்டார்.

அதன்பின் குடிசையில் கழிந்த நாட்களைச் சொல்ல நமக்கும் மனம் வரவில்லை. மேளச் சத்தம் தூரத்தில் கேட்கும். வாசல் மண்ணிலிருந்து அள்ளி வந்த அரிசியை முறத்தில் கொட்டி, மண் போகப் புடைப்பார். மண் போய்விட்டது, நினைப்புப் போகவில்லை. கோபமில்லாமல் ஒரே ஒரு கைப்பிடி பொறுக்கிவிட்டால் கோயிலுக்குத் திரும்பலாம் என்று எண்ணினார். அந்த ஒரு கைப்பிடி கூடவில்லை. திரும்பவே முடியாதோ என்ற பயம் வந்தது. பசியைவிட அந்தப் பயம்தான் அவரை வாட்டியது.

தேரோட்டத்தன்று உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் ஒரு கிழவர் வாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் வழிப்புழுதி.

"பசிக்குது தாயி. கஞ்சி இருந்தா ஊத்து."

"ஐயா, ஊருக்கே கோயில்ல சாப்பாடு. அங்க போங்க."

"அங்க இன்னிக்கு எனக்குப் பிடிச்ச அரிசி இல்லை" என்றார் கிழவர்.

அம்மையார் தயங்கினார். இருக்கிற அரிசி கோபத்தோடு அளைந்தது, தின்றால் அந்தக் கோபம் உங்களுக்கும் ஒட்டும் என்று உள்ளதைச் சொன்னார். யார் மேல் கோபம் என்று கிழவர் கேட்டார். மணியக்காரர் மேல் என்றார். கிழவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த ஆளே பசியோட இங்க வந்து நின்னா போடுவியா?"

பொய் சொல்லிவிடக் கூடாதே என்று அம்மையார் யோசித்தார்.

"போடுவேன் ஐயா. ஆனா மனசு வராமத்தான் போடுவேன்."

"அப்ப அந்த மனசு வராததையே எனக்கு ஊத்து."

அம்மையார் கஞ்சி காய்ச்சினார். குடிக்கக் கொடுக்க வீட்டில் இருந்த ஒரே பாத்திரமான அந்த உடைந்த கலயத்தில் ஊற்றி, உப்புக்கல் போட்டுக் கொடுத்தார். கிழவர் உடையாத பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தம் வீட்டில் இன்னொருவர் உண்பதை அம்மையார் எத்தனை காலத்துக்குப் பின் பார்க்கிறார்! பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, தாமே சமைத்துத் தாமே உண்ணும் அம்பலவாணர் நினைவுக்கு வந்தார். அந்த மனிதருக்கும் ஒரு கலயம் கஞ்சி கொடுக்க ஆள் இல்லை, கொடுத்தாலும் நம்பி வாங்கத் தெரியாது, அவரும் என்னைப் போல ஒண்டிதானே என்று தோன்றியது. கண்ணீர் பொங்கி வந்தது. அந்த நினைப்பு வந்த கணத்தில் முறத்தில் மிச்சமிருந்த அரிசியை அளைந்துகொண்டிருந்த கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது கிழவரைக் காணோம். கலயத்தையும் காணோம்.

அதே வேளையில் கோயிலில் குருக்கள் நைவேத்தியத்தோடு சந்நிதித் திரையை விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். நாதரின் திருமுன், விளிம்பு உடைந்த மண்கலயம் ஒன்று இருந்தது. அடியில் கொஞ்சம் கஞ்சி. அதிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. மடைப்பள்ளியில் அந்தக் கலயத்தை அறியாதவர் கிடையாது. மணியக்காரரும் அறிவார். எல்லாரும் கேட்க ஒரு குரல் எழுந்தது:

"அவள் எனக்கென்று கூடையில் இட்டதை நீங்கள் நாள்தோறும் கொண்டுவந்தீர்கள். எனக்கு ஆகாது என்று அவள் தள்ளி வைத்ததை மட்டும் ஒருவரும் கொண்டுவரவில்லை. அவள் பட்ட பாடெல்லாம் அதில்தானே இருந்தது? அதை உண்ண நானே நடந்து போனேன்."

அம்பலவாணர் தேரையும் கூட்டத்தையும் விட்டு விலகி, நாணற்கரை ஓரமாக அம்மையார் குடிசைக்கு நடந்தார். படைப்பு முடியாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத விரதம் அவருக்கு. வாசலில் வந்து கைகுவித்து நின்றார்.

தையலம்மையார் அவர் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் சாப்பிடலையாங்க?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். உள்ளே வரச் சொல்லி, மிச்சமிருந்த ஒரு கைப்பிடி அரிசியை உலையில் இட்டு, கலயம் இல்லாததால் பூவரச இலையைத் தைத்து அதில் வார்த்தார். யார் சமைத்தது, என்ன கலந்தது என்று பாராமல் அம்பலவாணர் குனிந்து உண்டார். பாதி உண்டபோது அழுதார். அம்மையார் இன்னும் கொஞ்சம் வார்த்தார்.

மறுநாள் காலை சாளரத்தடியில் முறத்தின் சத்தம் மறுபடியும் கேட்டது. அதன் பிறகும் அம்மையார் தனியாகத்தான் வாழ்ந்தார், தனியாகத்தான் உண்டார். ஆனால் அவர் முந்தானையில் முடிந்த அரிசியை, சிறிதோ பெரிதோ, அம்பலவாணர் தம் கையால் வாங்கிக்கொண்டு போய்த் தனியாகப் பொங்கி நாதருக்கு முதலில் படைத்தார். அம்மையாருக்குக் களஞ்சியத்திலிருந்து கூலி நெல் வீடு தேடிப் போயிற்று. நாணற்காட்டு நாதரைக் கஞ்சியுகந்த நாதர் என்று ஊர் அழைக்கத் தொடங்கியது அன்றுமுதல்தான்.

அரிசியில் கல் பொறுக்குவதுபோலத் தம் நெஞ்சில் கல் பொறுக்கி, பொறுக்க முடியாமல் தோற்ற நாளிலும் அந்தத் தோல்வியை மறைக்காமல் ஈசனுக்கு ஊற்றிக் கொடுத்த தையலம்மையாரின் திருவடிகளை நாமும் நினைத்து வணங்குவோம்.