வராத பத்துப் பேர்

மலையடிவாரத்து மடத்தில் ஆவுடையப்பன்தான் சமையல். வயது ஐம்பத்தாறு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலையும் போய் வீடும் போய்ப் பசியோடு வந்து நின்றவரை உட்காரவைத்து இலை போட்ட இடம் அது. அந்தச் சோற்றுக்கு என்ன கைம்மாறு செய்வது? இங்கே ஒரு பருக்கையைக்கூட வீணாக விடமாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டார்.

சத்தியத்தை மனுஷர் சும்மா காப்பாற்றவில்லை, வயிறு முட்டக் காப்பாற்றினார். காலையில் ஒரு காப்பியோடு அடுப்படியில் நிற்பவர், பந்தியெல்லாம் முடிந்து மூன்று மணிக்குத்தான் உட்காருவார். அண்டாவில் ஆறிக் கிடக்கிற சோறு, அடிப்பாயசம், வெள்ளிக்கிழமையானால் சர்க்கரைப் பொங்கல், நொறுங்கிய அப்பளம், ஊறுகாய் எல்லாம் அவர் இலைக்குத்தான் வரும். 'அன்னத்துக்கு இப்படி மரியாதை செய்கிற ஆள் உண்டா!' என்று ஊரே மெச்சியது. அவருக்கும் அதில் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

போன மாதம் கால் கட்டைவிரலில் ஒரு சின்னக் காயம். எப்போது பட்டதென்றே தெரியவில்லை. வலிக்கவில்லை என்று சும்மா விட்டார். அது ஆறாமல் கறுக்க ஆரம்பித்தது. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை முந்நூற்று எண்பது. பிரஷரும் ஏறிக் கிடந்தது.

"மாத்திரை மட்டும் போதாதுங்க. சாப்பாட்டை மாத்தணும். இல்லாட்டி விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

ஆவுடையப்பன் நேரே மடத்தின் தலைவி ஞானாம்பா அம்மாவிடம் போய் நின்றார். அம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இருந்தாலும் அவருக்கு அம்மாதான் குரு.

"என்னை வாழவச்ச சோறும்மா இது. மிஞ்சினதைத் திங்காதேன்னா, கொட்டவா சொல்றாங்க? விரல் போனா போகட்டும். சோத்துக்கு நான் துரோகம் பண்ணமாட்டேன்."

மறுநாள் காலையில் அம்மா அடுப்படிக்கு வந்தார்.

"இன்னைக்கு எத்தனை பேர் அண்ணாச்சி?"

"அறுபதும்மா."

"எத்தனை படி அளந்திருக்கீங்க?"

"ஏழு. பத்துப் பேருக்கு ஒரு படி."

"அப்ப ஆறு போதுமே?"

"திடீர்னு ஒரு பத்துப் பேர் வந்துட்டா? பசியோட வந்து நின்னவன்மா நான்."

"நேத்து வந்தாங்களா?"

"இல்லம்மா."

"முந்தாநாள்?"

"எப்பவாச்சும் வருவாங்க..."

"வராத அன்னைக்கு அந்தப் பத்துப் பேர் சோத்தை யார் சாப்பிடுறது?"

ஆவுடையப்பன் திரும்பி அடுப்பில் விறகைத் தள்ளினார்.

"சரி, அந்த அறுபதுல நீங்க உண்டா?"

"நானா? நான் எதுக்கும்மா கணக்குல? எனக்கு மிஞ்சுறது போதும்."

அம்மா ஒரு படி அரிசியை அளந்து திரும்பச் சாக்கில் கொட்டினார். பிறகு ஒரே ஒரு கைப்பிடி அள்ளி, மீதி ஆறு படியோடு சேர்த்தார்.

"இது உங்களுக்கு."

"ஐயோ, யாராவது வந்துட்டா?"

"வந்தா இன்னொரு உலை வைப்போம். அவங்க அரை மணி நேரம் காத்திருப்பாங்க அண்ணாச்சி. உங்க விரல் காத்திருக்காது."

அன்று, முதல் பந்தியிலேயே ஆவுடையப்பனுக்கு இலை விழுந்தது. 'நான் பரிமாறுறேனே' என்று நழுவப் பார்த்தார். அம்மா விடவில்லை, தானே பரிமாறினார். கொஞ்சம் சோறு, அதைவிட இரண்டு மடங்கு முருங்கைக்கீரை, அவரைக்காய்ப் பொரியல், கெட்டியாகப் பருப்பு, உப்புக் குறைத்த மோர். பாயச வாளி அந்த இலையை மட்டும் தாண்டிப் போயிற்று. அதை அவர் ஏக்கத்தோடுதான் பார்த்தார்.

முதல் கவளத்தை வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். சோறு சுடச்சுட இருந்தது. இந்த மடத்துச் சோற்றின் சூடு அவர் நாக்கில் பட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல மென்று சாப்பிட்டார்.

பந்திகள் முடிந்ததும் பழக்கதோஷத்தில் போய் அண்டாவை எட்டிப் பார்த்தார். அடி தெரிந்தது. கொட்டுவதற்கு ஒரு பருக்கை இல்லை.

அம்மாவின் முன்னால் வந்து கை கூப்பினார்.

"நான் வந்த முதல் நாள் இப்படித்தாம்மா சாப்பிட்டேன். வயிறும் நிறைஞ்சுது, மனசும் நிறைஞ்சுது. அப்புறம் பன்னிரண்டு வருஷமா தினமும் இங்கதான் சாப்பிடுறேன். ஒரு நாளும் இப்படி இருந்ததில்லையே?"

"நீங்க எங்க சாப்பிட்டீங்க அண்ணாச்சி?" என்றார் அம்மா. "அண்டாவையில்ல கழுவிக்கிட்டிருந்தீங்க."