ஆவுடை கேட்ட கேள்வி

“மேடம், நோயாளி காதுல கேக்குற குரல் நின்னா ‘குணம்’னு எழுதச் சொன்னீங்க. நின்னுடுச்சு. ஆனா ஆள் அழுறார். எந்தக் கட்டத்துல எழுத?”

கேட்டவர் இருதயராஜ். ஐம்பது வயதில் மருந்துக்கடையை மூடிவிட்டு மனநோய் ஆய்வுக்கு வந்தவர். அவருடைய ஆசிரியை டாக்டர் தஸ்லீமாவுக்கு முப்பத்தாறு.

“ஏன் அழுறார்?”

“அது படிவத்துல இல்ல மேடம்.”

தஸ்லீமா எழுந்து அறைக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

இருதயராஜ் வெளியே போனார்.

வார்டு பெஞ்சில் கோமதிநாயகம் அண்ணாச்சி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் தொடாத சோற்றுத் தட்டு.

“‘கடந்த ரெண்டு வாரத்துல எத்தன தடவை? தினமுமா, எப்பவாவதா?’” என்றார் அண்ணாச்சி. இருதயராஜின் மூக்கடைத்த குரல், அச்சு அசல்.

வார்டே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு குரல் கேட்டுச்சுன்னீங்களே, அண்ணாச்சி.”

“ஒருத்தன், கிணத்துல விழுன்னுக்கிட்டே இருப்பான். எவன்னே தெரியாது. போனான், சந்தோஷம். இன்னொண்ணு ஆவுடை, எம் பொண்டாட்டி. செத்து மூணு வருசம் ஆச்சு. மத்தியானம் ஆனா சாப்பிட்டீயளான்னு கேப்பா. உங்க மாத்திரை ரெண்டு பேரையும் ஒரே ஸ்டாப்புல இறக்கி விட்டுருச்சு.”

“அதுக்கு?”

“இன்னையிலேர்ந்து மாத்திரை வேண்டாம்.”

“அவன் திரும்ப வந்துருவானே.”

“வரட்டும். அவளும் வருவால்ல.”

இருதயராஜ் நாற்பது கட்டுரை படித்திருந்தார். ஒன்று மூளையின் ரசாயனம் என்றது. ஒன்று ஆறாத துக்கம் என்றது. மாத்திரை போதும் என்றது ஒன்று, பேச்சும் வேண்டும் என்றது இன்னொன்று. ஒன்றிலும் ஆவுடை இல்லை.

திரும்பினார். தஸ்லீமா பின்னால் நின்றிருந்தார். வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எல்லாரையும் பேசிக் காட்டுறீங்க அண்ணாச்சி. ஆவுடையம்மாவை ஒரு நாளும் காட்டலையே?”

“விடமாட்டா. ஊரையே நையாண்டி பண்ணுங்க, என்னைத் தொட்டா சோறு கிடையாதும்பா.”

“சோறுதான் தட்டுல இருக்கே.”

அண்ணாச்சி தட்டையே பார்த்தார்.

தொண்டையைச் செருமினார். வந்தது பஸ்ஸில் கூட வேலை பார்த்த பழைய டிரைவரின் குரல். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டார். கண்ணை மூடினார்.

“‘ஏங்க… சாப்பிட்டீயளா?’”

மெலிந்த குரல். கடைசியில் லேசாக ஒரு சலிப்பு.

அவரே சட்டென்று பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

வார்டில் யாரும் சிரிக்கவில்லை.

“‘அதுக்கு முன்னாடி அந்த மாத்திரையைப் போடுங்க.’” அதே மெலிந்த குரல்.

“போடுதேன், போடுதேன்,” என்று தன் குரலில் முணுமுணுத்துவிட்டு, இருதயராஜிடம் கையை நீட்டினார்.

இருதயராஜ் மாத்திரையைக் கொடுத்தார். பிறகு படிவத்தை எடுத்தார்.

“மேடம், இப்ப எந்தக் கட்டத்துல…”

“இருங்க சார்,” என்றார் தஸ்லீமா. “ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்க.”